மஞ்சளாவதெல்லாம் என்சைம் அல்ல: மனித கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2 தயாரித்த அனுபவம்

சல்ஃபோனமைடு வகை மூலக்கூறுகள் சிலவற்றை ஒரு மனித என்சைமோடு சேர்த்து, எது எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று அளக்கும் வேலை வந்தது. அதற்குத் தேவைப்பட்டது மனித கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2. தயார் நிலையில் வாங்கலாம்தான். ஆனால் புட்டிக்குள் மைக்ரோகிராம் கணக்கில் வரும் புரதம், ஒன்றிரண்டு அளவீட்டிலேயே தீர்ந்துவிடும். எங்களுக்கு வேண்டியது பல மில்லிகிராம். சரி, ஈ.கோலை பாக்டீரியாவிலேயே செய்துகொள்ளலாம் என்று இறங்கினோம்.

இந்த என்சைம் அதற்குத் தோதானது. 260 அமினோ அமிலங்கள், ஏறத்தாழ 29 கிலோடால்டன். ஒரே ஒரு சிஸ்டீன்தான் இருக்கிறது. அதனால் இரண்டு சிஸ்டீன்கள் கோத்துக்கொள்ளும் டைசல்ஃபைடு பிணைப்பு பற்றிய கவலை இல்லை. சர்க்கரைச் சங்கிலிகளும் கிடையாது. நம் உடலிலும் இது செல்லின் சைட்டோபிளாசத்திலேயே மிதந்து வேலை செய்கிறது, ஆகவே பாக்டீரியாவின் உட்புறம் இதற்கு அந்நியமான இடம் அல்ல. இதே குடும்பத்தில் செல்லின் வெளிப்பரப்பில் உட்காரும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 9 போன்றவை வேறு ரகம். டைசல்ஃபைடு, சர்க்கரை எல்லாம் உண்டு. அவற்றை இந்தச் செய்முறையில் செய்யப் பார்த்தால் தலைவலிதான் மிஞ்சும்.

நம் என்சைமின் வேலை என்னவென்றால், கார்பன் டைஆக்சைடையும் தண்ணீரையும் சேர்த்துப் பைகார்பனேட்டாக்குவது. ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் சுமார் 10 லட்சம் தடவை இதைச் செய்யும். 1933-இல் மெல்ட்ரமும் ரஃப்டனும் சிவப்பணுக்களில் இதைக் கண்டுபிடித்தார்கள். 1940-இல் கெய்லினும் மானும் இதில் துத்தநாகம் இருப்பதைக் காட்டினார்கள். துத்தநாகம் கொண்டது என்று தெரியவந்த முதல் என்சைம் இதுவே. சல்ஃபனிலமைடு இதைத் தடுக்கிறது என்பதைச் சொன்னதும் அதே இருவர், அதே ஆண்டு. அந்த வழியில் பின்னால் வந்த மருந்துதான் கண் அழுத்த நோய்க்குக் கொடுக்கப்படும் அசெட்டசோலமைடு. எங்கள் வேலையில் அது மருந்தாக வரவில்லை, அளவுகோலாக வந்தது. அது பிறகு.

துத்தநாக அயனியை 94, 96, 119 ஆகிய இடங்களில் உள்ள மூன்று ஹிஸ்டிடின்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. துத்தநாகம் இல்லையென்றாலும் புரதம் மடிந்து, கரைந்து, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் அழகாக ஓடும். வேலை மட்டும் செய்யாது. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவதே இதைச் சுற்றித்தான்: எவ்வளவு புரதம் கிடைத்தது என்பது ஒரு கேள்வி, அதில் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு ஜெல் பதில் சொல்லாது.

ஜீனும் வளர்ப்பும்

ஈ.கோலை விரும்பும் கோடான்களுக்கு (அமினோ அமிலங்களைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொற்களுக்கு) மாற்றிய ஜீனைச் செயற்கையாகத் தயாரித்து வாங்கி, பிஇடி-28ஏ என்ற பிளாஸ்மிடில் (பாக்டீரியாவுக்குள் ஜீனைச் சுமந்து செல்லும் டிஎன்ஏ வளையத்தில்) வைத்தோம். டி7 புரோமோட்டர், கேனமைசின் எதிர்ப்பு, புரதத்தின் முன்முனையில் ஆறு ஹிஸ்டிடின் கொண்ட டேக் (புரதத்தைப் பிடித்துச் சுத்தம் செய்ய உதவும் ஒட்டுவால்), அதை வெட்டியெடுக்கத் திராம்பின் என்ற என்சைம் வெட்டும் ஒரு இடம். டேக்கும் இணைப்பும் சேர்ந்து சுமார் 2 கிலோடால்டன் கூடும், ஆக ஜெல்லில் 31-ஐ ஒட்டி எதிர்பார்க்க வேண்டும். பாக்டீரியா, வழக்கமான பிஎல்21(டிஇ3).

பிற்காலத்தில் யாராவது இதில் மியூட்டேஷன் செய்யப் போனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் குடும்பத்தின் எண்ணிடும் முறை கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 1-ஐ அடிப்படையாகக் கொண்டது. அதனால் இரண்டாவதில் 126 என்ற எண்ணே கிடையாது. 125-க்கு அடுத்தது 127. ஆய்வுக் கட்டுரைகளில் 206 என்று குறிக்கப்படும் சிஸ்டீன், வரிசையை விரல் விட்டு எண்ணினால் 205-இல் இருக்கும். பிரைமர் (டிஎன்ஏ நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு இழை) வடிவமைக்கும்போது இந்த ஒரு எண் வித்தியாசம் நன்றாகவே காலை வாரும்.

வளர்ப்பை வேண்டுமென்றே இரண்டு குடுவைகளாகப் பிரித்தோம். இரண்டிலும் ஒரே எல்பி ஊடகம் (பாக்டீரியாவுக்கான வழக்கமான உணவுக் கரைசல்), ஒரே தொடக்கக் கல்ச்சர், 37 டிகிரி. 600 நானோமீட்டரில் கலங்கல் அளவு 0.6 முதல் 0.8-க்குள் வந்ததும் வெப்பநிலையை 20-க்கு இறக்கி, புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜி 0.5 மில்லிமோலார் சேர்த்து இரவு முழுவதும் குலுக்கவிட்டோம். ஒரே வித்தியாசம், ஒரு குடுவையில் ஐபிடிஜிக்குச் சற்று முன்னால் துத்தநாக சல்ஃபேட் 0.5 மில்லிமோலார் சேர்த்தோம். மற்றதில் ஊடகத்தில் இயல்பாக இருக்கும் துத்தநாகம் மட்டும்.

அதிக விளைச்சலுக்கு, எல்பியைவிடச் சத்து மிகுந்த டிபி ஊடகத்தைச் சிபாரிசு செய்பவர்கள் உண்டு. அதில் பாஸ்பேட் ஏராளம். துத்தநாகத்தை ஊற்றியவுடன் துத்தநாக பாஸ்பேட்டாக வெள்ளையாகத் திரிந்து நிற்கும். செல்லுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். இந்த என்சைமுக்கு நான் எல்பியையே எடுப்பேன், விளைச்சல் குறைந்தாலும் பரவாயில்லை.

மறுநாள் சென்ட்ரிஃபியூஜில் இறக்கி, பெல்லட்டை உறையவைத்தோம்.

உடைப்பதும் பிடிப்பதும்

உடைக்கும் பஃபரில் டிரிஸ் பிஹெச் 8, உப்பு 300 மில்லிமோலார், இமிடசோல் 20 மில்லிமோலார். லைசோசைம், கொஞ்சம் டிஎன்ஏஸ், அதற்காக மெக்னீசியம். உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கூடவே கூடாது. அது, ஹிஸ்டிடின் டேக்கைப் பிடிக்கும் நிக்கல் ரெசினிலிருந்து நிக்கலை உருவிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. என்சைமிலிருந்து துத்தநாகத்தை அவ்வளவு சுலபமாக எடுக்காது, ஏனென்றால் இந்தப் புரதம் துத்தநாகத்தை அபார இறுக்கத்தோடு பிடித்திருக்கிறது. ஆனால் இன்னும் துத்தநாகம் ஏறாத மூலக்கூறுகளுக்கு இருக்கும் கொஞ்ச நஞ்ச வாய்ப்பையும் இடிடிஏ கெடுக்கும். புரோட்டியேஸ் தடுப்பான் மாத்திரை போடுவதாக இருந்தால் இடிடிஏ இல்லாத ரகமாகப் பார்த்துப் போட வேண்டும். சிஸ்டீன்கள் கோத்துக்கொள்ளாமல் காக்கும் டிடிடியும் வேண்டாம், ரெசின் பழுப்பாகிவிடும். ஒரே சிஸ்டீன் உள்ள புரதத்துக்கு அதன் தேவையும் அவ்வளவு இல்லை.

சோனிகேட்டரைப் பனிக்கட்டிக்குள் வைத்து, சில நொடி ஓட்டம், சில நொடி ஓய்வு. எப்போது நிறுத்துவது என்பதற்கு நேரத்தைவிடப் பிப்பெட் நல்ல வழிகாட்டி. ஆரம்பத்தில் பிப்பெட் முனையிலிருந்து கரைசல் நூலாக இழுபடும், அறுந்து விழாது. அது டிஎன்ஏ. அது துண்டுபட்டதும் கரைசல் சொட்டுச் சொட்டாகத் தனித்தனியே விழ ஆரம்பிக்கும், பால்வெள்ளையிலிருந்து சற்றுத் தெளிந்த சாம்பல் நிறத்துக்கு வரும். அங்கே நிறுத்தினால் போதும். சோனிகேட்டரின் முனை மேலே வந்து நுரை கட்டினால் புரதம் கெடும், ஒலியே மாறிச் சீறலாகக் கேட்கும். உடனே முனையைக் கீழே இறக்க வேண்டும்.

தெளிந்த மேல்நீரை நிக்கல் ரெசினில் ஏற்றி, 20 மில்லிமோலார் இமிடசோலால் கழுவி, பிறகு 40-ஆல் கழுவி, 250-ஆல் இறக்கினோம். இமிடசோல், நிக்கலில் ஹிஸ்டிடினின் இடத்தைப் பிடித்துப் புரதத்தைத் தள்ளிவிடும். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. இந்த என்சைமின் முன்முனையில் முதல் 17 இடங்களுக்குள்ளேயே 5 ஹிஸ்டிடின்கள் இருக்கின்றன. டேக் இல்லாவிட்டாலும் நிக்கலில் ஓரளவு ஒட்டும் ஆசாமி இது. டேக்கும் சேர்ந்தால் பிடி நன்றாகவே இருக்கிறது, கழுவும் இமிடசோலைத் தைரியமாக உயர்த்தலாம். ஈ.கோலையின் சொந்தப் புரதங்களில் நிக்கலை விரும்பும் எஸ்எல்ஒய்டி, ஏஆர்என்ஏ ஆகிய இரண்டும் எப்போதும் கூடவே தொற்றிக்கொண்டு வரும். அவற்றைக் கழற்ற இந்த 40 மில்லிமோலார் கழுவல் உதவியது.

ஜெல்லில் இரண்டு குடுவைகளின் இறக்கமும் அச்சு அசலாக ஒன்று. 31 கிலோடால்டன் பக்கம் தடித்த பட்டை, மேலேயும் கீழேயும் மங்கலாக ஒன்றிரண்டு. படம் எடுத்து, எந்தப் பட்டை எந்தக் குடுவை என்று சொல்லாமல் காட்டினால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மஞ்சள் நிறம்

கார்பன் டைஆக்சைடு வினையை நேரடியாக அளக்க வேகமான கருவிகள் வேண்டும். பெரும்பாலான ஆய்வகங்களில் கையாளும் சுருக்குவழி, பாரா-நைட்ரோஃபீனைல் அசிட்டேட் என்ற எஸ்டர். என்சைம் இதையும் மெதுவாக உடைக்கும். பாரா-நைட்ரோஃபீனால் வெளிவந்து மஞ்சளாகும். 400 நானோமீட்டரில் பார்த்தால் போதும். நைட்ரோஃபீனாலின் பிகேஏ (மஞ்சள் வடிவமும் நிறமற்ற வடிவமும் சரிபாதியாக இருக்கும் பிஹெச்) 7.15 என்பதால் பிஹெச்சை உறுதியாகப் பிடித்துவைக்க வேண்டும், இல்லையென்றால் அதே அளவு நைட்ரோஃபீனால் வேறு வேறு மஞ்சளாகத் தெரியும். பிஹெச் ஏறி இறங்கும் என்ற சந்தேகம் இருந்தால் 348 நானோமீட்டரில் அளக்கலாம். அங்கே இரு வடிவங்களும் ஒரே அளவு உறிஞ்சும், ஏற்ற இறக்கம் பாதிக்காது. கிடைக்கும் சமிக்ஞை கொஞ்சம் சிறியதாகும், அவ்வளவே.

இது என்சைமுக்குப் பக்கத் தொழில் என்பதை மறக்கக் கூடாது. இதில் அதன் திறன் நொடிக்கு, மோலாருக்குச் சில ஆயிரம்தான். கார்பன் டைஆக்சைடில் அது பத்துக் கோடிக்கும் மேல். ஆகவே மைக்ரோமோலார் அளவு என்சைம் போட்டால்தான் வேகம் கண்ணில் தெரியும். பாரா-நைட்ரோஃபீனைல் அசிட்டேட் தண்ணீரில் அதிகம் கரையாது, அசெட்டோநைட்ரைலில் கரைத்துக் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். என்சைமை நிறைவுறச் செய்யும் செறிவை எட்ட முடியாது, அதனால் கேகேட் (உச்ச வேகம்), கேஎம் (பாதி வேகத்துக்குத் தேவைப்படும் செறிவு) இரண்டையும் தனித்தனியே சொல்வது சரியாக இருக்காது; விகிதத்தை மட்டும் சொல்லலாம்.

இப்போது முக்கியமான இடம். ரெசினிலிருந்து இறங்கிய பகுதியை அப்படியே ஒரு துளி விட்டுப் பார்த்தால் கண் முன்னாலேயே மஞ்சளாகிறது. பார்க்கப் பரவசமாகத்தான் இருக்கும். ஆனால் அளவீட்டுத் தட்டின் பக்கத்துக் கிணற்றில் (சிறு குழியில்), புரதமே இல்லாத வெறும் இறக்கும் பஃபரை அதே அளவு விட்டிருந்தோம். அதுவும் மஞ்சளாகிறது, அதுவும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்!

காரணம் இமிடசோல். அதன் நைட்ரஜன், எஸ்டரின் அசெட்டைல் தொகுதியைத் தானே தாக்கும். அசெட்டைல் இமிடசோல் உருவாகி, தண்ணீர் அதை உடைக்கும், இமிடசோல் மறுபடி விடுபடும். என்சைம் எதுவும் இல்லாமலே ஒரு வினையூக்கி. வேதியியல் பாடங்களில் பழைய எடுத்துக்காட்டு இது, ஆனால் புரதம் சுத்தம் செய்யும் மேசைக்கு வந்ததும் பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. 250 மில்லிமோலார் இமிடசோல் உள்ள கரைசலை 25-இல் ஒரு பங்காகச் சேர்த்தால் கிணற்றில் 10 மில்லிமோலார் இருக்கும். அதன் மஞ்சள் வேகம், மைக்ரோமோலார் கணக்கிலான உண்மையான என்சைமின் வேகத்தோடு போட்டி போடும். துத்தநாகமே இல்லாத புரதத்தை வைத்துக்கொண்டும் ‘நல்ல ஆக்டிவிட்டி’ என்று எழுதிவிடலாம்.

இமிடசோலை வெளியேற்ற முதலில் உப்புநீக்கும் ஜெல் குழல் வழியாக ஒரு ஓட்டம், அப்புறம் இரவு டயாலிசிஸ், அதாவது சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பையில் வைத்துப் பஃபரில் ஊறவிடுவது. வெளியேறிவிட்டதா என்று எப்படி உறுதி செய்வது? 10 கிலோடால்டன் வடிகட்டி கொண்ட செறிவூட்டும் குழாய் ஒன்றில் என்சைம் கரைசலைச் சுழற்றினோம். கீழே இறங்கும் வடிநீரில் இமிடசோல் உட்படச் சிறு மூலக்கூறுகள் எல்லாம் இருக்கும், என்சைம் இருக்காது. இந்த வடிநீரை என்சைமின் அதே கன அளவில் எஸ்டரோடு சேர்த்தால் வருவதுதான் உண்மையான பின்னணி வேகம். பஃபரை மட்டும் வைத்து எடுக்கும் பிளாங்க்கைவிட இது நேர்மையானது, ஏனெனில் மாதிரியில் உண்மையிலேயே என்ன மிச்சமிருக்கிறதோ அதை இது அப்படியே கொண்டுவருகிறது. டயாலிசிசுக்குப் பிறகு வடிநீரின் வேகமும், எஸ்டர் தானாகவே உடையும் வேகமும் ஒன்றாகிவிட்டன. அதற்கு மேல்தான் எண்களை எழுத ஆரம்பித்தோம்.

எத்தனை பங்கு உயிரோடு?

புரதத்தின் செறிவை 280 நானோமீட்டரில் எடுத்தோம். இதில் 7 டிரிப்டோஃபேன், 8 டைரோசின். கணக்கிட்டால் மோலார் உறிஞ்சல் குணகம் சுமார் 50,000. டேக்கில் இரண்டுமே இல்லாததால் அது கணக்கை மாற்றாது. அளந்து வெளியிடப்பட்ட மதிப்புகள் இதைவிடச் சற்று அதிகம், ஆக பத்துச் சதவீதம் அளவுக்கு எந்தச் செறிவிலும் ஐயம் உண்டு என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து அசெட்டசோலமைடு. இது என்சைமோடு 10 நானோமோலார் அளவிலான இறுக்கத்தில் ஒட்டும், நேரடியாகத் துத்தநாகத்தின் மேலேயே உட்காரும். நாம் கிணற்றில் போடுவது 1 மைக்ரோமோலார் என்சைம், அதாவது அந்த எண்ணைப்போல் நூறு மடங்கு. இந்த நிலையில் போடும் ஒவ்வொரு மருந்து மூலக்கூறும் ஒரு வேலை செய்யும் என்சைமைப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். எனவே மருந்தின் செறிவை 0, 0.2, 0.4 என்று ஏற்றிக்கொண்டே போய் வேகத்தை வரைந்தால் நேர்கோடாக இறங்கி, உயிருள்ள என்சைம் தீரும் இடத்தில் தரையைத் தொடும். அந்த இடமே விடை. துத்தநாகம் இல்லாத மூலக்கூறு மருந்தைப் பிடிக்காது, எஸ்டரையும் உடைக்காது. இந்தக் கணக்கிலிருந்து தானே விலகிவிடும். இமிடசோல் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் மருந்து அதை ஒன்றும் செய்யாது. கோடு பூஜ்யத்துக்குப் போகாமல் மேலேயே தட்டையாகி நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

சில நுணுக்கங்கள். மருந்தை டிஎம்எஸ்ஓவில் கரைத்து, எல்லாக் கிணறுகளிலும் டிஎம்எஸ்ஓ 1 சதவீதமாகச் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். மருந்து போட்டவுடனே எஸ்டரை விடக் கூடாது. 15 நிமிடம் ஒட்டுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். எஸ்டர் கரைசலை அன்றன்று புதிதாகக் கரைப்பது நல்லது. நேற்றைய கரைசல் ஏற்கெனவே மஞ்சளாகத் தொடங்கியிருக்கும்.

துத்தநாகம் சேர்த்த குடுவையின் கோடு 0.9 மைக்ரோமோலாரில் தரையைத் தொட்டது. சேர்க்காத குடுவையின் கோடு 0.6-இல். ஜெல்லில் இரட்டையர்களாக ஓடியவை இவை. நூறு மூலக்கூறில் நாற்பது சும்மா உட்கார்ந்திருக்கின்றன என்பது ஒட்டும் இறுக்கத்தை அளக்கும் வேலையில் சிறிய விஷயமல்ல. இறுக்கமாக ஒட்டும் மூலக்கூறுகளைச் சோதிக்கும்போது என்சைமின் செறிவே கணக்கின் அடித்தளம். அது தவறினால் எல்லா எண்ணும் சாயும்.

அந்த இரண்டாவது தொகுதியைத் தூக்கி எறியவில்லை. துத்தநாக சல்ஃபேட் சேர்த்த பஃபரில் டயாலிசிஸ் செய்து, பின் துத்தநாகம் இல்லாத பஃபரில் மறுபடியும் செய்தால் ஏறிக்கொள்ளும். ஹிஸ்டிடின் டேக்கோடு இருக்கும் புரதத்தில் இதை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது. டேக்குகளைத் துத்தநாகம் ஒன்றோடொன்று கோத்துவிட, பை கலங்கலாகும். முதலில் திராம்பினால் டேக்கை வெட்டி, அதற்குப் பிறகுதான் துத்தநாகம் காட்டினோம். கோடு 0.8-ஐத் தாண்டியது. மிச்சம் இருப்பதில் சில, ரெசினிலிருந்து நழுவிய நிக்கலைத் தன் மையத்தில் பிடித்திருக்கலாம் என்பது என் ஊகம். நிக்கல் உட்கார்ந்த வடிவம் கிட்டத்தட்டச் செயலற்றது.

ஆசைக்கு ஒரு முறை கார்பன் டைஆக்சைடு சோதனையையும் செய்து பார்த்தோம், 1948-இல் வில்பரும் ஆண்டர்சனும் சொன்ன முறை. பனிக்குளிரில் டிரிஸ் பஃபர், அதில் புரோமோதைமால் நீலம், கார்பன் டைஆக்சைடு ஏற்றிய குளிர்ந்த நீரை ஊற்றி நீலம் மஞ்சளாக மாறும் நேரத்தைக் கடிகாரத்தில் பிடிப்பது. என்சைம் இல்லாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் நீலம் தயங்கிக்கொண்டே நிற்கிறது. சிறிது என்சைம் சேர்த்தால் ஊற்றி முடிப்பதற்குள் பச்சை வந்து மஞ்சளாகிறது. அளவீடாக இது முரட்டுத்தனமானது, கையின் வேகத்தைப் பொறுத்தே எண் மாறும். ஆனால் இந்த என்சைம் எவ்வளவு வேகமானது என்பதைப் புதிதாக வருபவருக்குக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

விற்பனைப் புட்டிகளின் தகவல் தாள்களைப் படிப்பவர்கள் இந்த இடத்தில் கவனிக்கலாம். ‘95 சதவீதத்துக்கு மேல் தூய்மை’ என்பது பெரும்பாலும் ஜெல்லைப் பார்த்துச் சொல்வது. ‘யூனிட்’ என்பது எந்தச் சோதனையில், எந்த வெப்பநிலையில் என்று பார்க்காமல் இரண்டு தாள்களை ஒப்பிட முடியாது. எஸ்டர் யூனிட்டும் வில்பர்-ஆண்டர்சன் யூனிட்டும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை. நான் வாங்குவதாக இருந்தால் வந்த அன்றே அசெட்டசோலமைடு கோடு ஒன்றைப் போட்டுவிடுவேன்.

சேமிப்பில் சிக்கல் இல்லை. 10 சதவீதம் கிளிசரால், 50 மைக்ரோலிட்டர் பங்குகள், திரவ நைட்ரஜனில் உறையவைத்து மைனஸ் 80. ஒரு மாதம் கழித்து உருக்கிய பங்கின் கோடு பழைய இடத்திலேயே தரையைத் தொட்டது. உருக்கியதை மறுபடி உறையவைப்பதில்லை.

அடுத்த தொகுதிக்கு டேக்கும் நிக்கலும் இல்லாத வழியை எடுக்கப் போகிறோம். சல்ஃபோனமைடு பிணைத்த அகரோஸ் ரெசின் ஒன்று உண்டு. துத்தநாகத்தோடு சரியாக மடிந்த மூலக்கூறு மட்டுமே அதில் ஒட்டும், மற்றவை கழுவலிலேயே போய்விடும். சுத்தம் செய்யும் படியும் உயிருள்ளதைப் பொறுக்கும் படியும் ஒன்றாகிவிடும், இமிடசோல் தொல்லையும் இராது. பதிலுக்கு இறக்குவதற்கு அசைடு உப்பு வேண்டும். அது நச்சு, அமிலம் பட்டால் ஆபத்தான ஆவி வரும், உலோகக் குழாயுள்ள தொட்டியில் ஊற்றவே கூடாது. என்சைமையும் அது தடுக்கும், எனவே நீண்ட டயாலிசிஸ் தேவை. டேக் இல்லாத ஜீனைக் குளோன் செய்தாகிவிட்டது. துத்தநாகத்தோடுதான் வளர்ப்போம்.